மரத்தின் விளிம்பிலே மலரும் எழில்

வீட்டுக்குக் கதவு எதற்கு? காற்றையும் மழையையும் கள்வரையும் தடுப்பதற்கு. மேசை எதற்கு? பொருளைத் தாங்குவதற்கு. பயன் ஒன்றையே கருதினால், அறுத்த பலகையை அறுத்தபடியே ஆணி அடித்து நிறுத்தினாற் போதும், காரியம் நடந்துவிடும். ஆயினும் மனிதன் எக்காலத்தும் அவ்வளவோடு அமைந்துவிட்டானில்லை. பலகையின் விளிம்பை உருட்டினான், குழித்தான், நெளித்தான், வரியிட்டான். முகமெல்லாம் வெறுமையாக இருக்கும் மேசையுங்கூட, ஓரத்தில் ஓடும் ஒரு சிறு நெளிவினால் தன்னைச் செய்தவரின் கருத்தையும் செய்வித்தவரின் விருப்பத்தையும் நமக்கு உணர்த்திவிடுகின்றது. புடவைக்குக் கரை எத்தகையதோ மரப்பொருளுக்கு விளிம்பு அத்தகையது.

இந்த விளிம்பு வேலை முன்னாளிலே தச்சருக்குப் பல நாள் உழைப்பாக இருந்தது. இக்காலத்திலோ ரூட்டர் என்னும் மின்கருவி அதனைச் சில நிமிடங்களில் முடித்துத் தருகின்றது. அக்கருவியின் வாயிலே பொருத்தப்படும் விரலளவான வெட்டலகுதான் மரத்துக்கு வடிவத்தைக் கொடுப்பது. தச்சரும் கடைக்காரரும் அதனைப் 'பிட்' என்றே வழங்குகின்றனர்; நாமும் அவ்வாறே வழங்குவோம். எந்தப் பிட்டை வாங்குவது, எதனை விடுவது, எந்த மரத்துக்கு எது ஏற்றது என்பனவற்றை மலைநாட்டு வாழ்வோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நல்லதண்ணியும் சொந்தக் கதவும்

சிவனொளிபாதமலைக்கு ஹட்டன், மஸ்கெலியா வழியாகச் செல்வோர் நல்லதண்ணியைப் படிக்கட்டுகள் தொடங்கும் இடமாகவே அறிவர். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரிகர் திரள்திரளாக வந்து, 2,243 மீற்றர் உயரமுள்ள சிகரத்தை நோக்கி இரவிரவாக ஏறுவர். பருவம் முடிந்ததும் கூட்டம் கலையும். மழையும் முகிலும் மலையைப் போர்த்திக்கொள்ளும். அதன் பின்னரும் அங்கே வாழ்பவர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரே.

அவர்தம் முன்னோர் வாழ்ந்த லயன் அறைகளில் விளிம்பழகைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை. கூரை தோட்டத்துக்கு உரியது. கதவும் தோட்டத்துக்கே உரியது. தன்னுடையதல்லாத கதவுக்கு அலங்காரம் செய்ய எவர்தாம் முன்வருவர்? அண்மைக் காலத்திலே இந்நிலை சிறிது சிறிதாக மாறி வருகின்றது. இந்திய அரசின் உதவியுடன் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் எழுந்தது. 2017 ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டிலே நடைபெற்ற கூட்டத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 7 பேர்ச் நிலம், 550 சதுர அடி வீடு என்பது அத்திட்டத்தின் அளவு. எல்லார்க்கும் அது கிட்டிவிடவில்லை. லயன்களிலே காலங்கழிக்கும் குடும்பங்கள் இன்னும் பலவுள. எனினும், வீடு கிடைத்தவர்க்கு முதன்முறையாகச் 'சொந்தக் கதவு' என்ற ஒன்று வாய்த்திருக்கின்றது. அந்தக் கதவும் யன்னலும் அலுமாரியும் நன்றாக அமைய வேண்டும் என்னும் ஆசை இயல்பானதே.

இவ்வாசையை நிறைவேற்றித் தரும் இளந்தச்சர்களும் தோட்டங்களிலிருந்தே தோன்றுகின்றனர். கொழும்புக்குக் கடைவேலை தேடிப் போவதற்கு மாறாக, ஊரிலேயே ஒரு கொட்டகை போட்டு, ஒரு ரூட்டரும் ஒரு வாளும் வாங்கித் தொழில் தொடங்குவோருக்கு முதல் என்பது அருமையான பொருள். அம்முதலிலே ஒரு பங்கைப் பயனற்ற பிட்டுகளிற் கொட்டிவிட்டால் தொழில் தள்ளாடும். பொருந்தாத பிட்டைப் பொருத்தினாலோ இழப்பது பணமன்று, விரல். ஆகவே இது அலங்காரத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. பிழைப்பைப் பற்றிய பேச்சுமாகும்.

கோயில் அடித்தளம் தரும் பாடம்

கடையில் மாட்டியிருக்கும் பிட்டுகளைப் பார்த்து மலைப்பவர், முதலில் ஒரு சிவாலயத்தின் அடித்தளத்தைப் பார்த்து வருதல் நலம். பொலன்னறுவையில் 11 ஆம் நூற்றாண்டிலே சோழர் எழுப்பிய வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கின்றது. அத்தகைய கோயில்களின் தளத்தைச் சிற்ப நூலார் உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை எனப் படைபடையாகப் பிரித்துப் பெயரிட்டனர். உருண்டு புடைத்து நிற்பது குமுதம். அதனையே பட்டை தீட்டி எண்பட்டையாக்குவதும் உண்டு. தாமரை இதழ் போல மேலே புடைத்துக் கீழே குழிந்து நெளிவது பத்மம். உள்வாங்கி நிழலைத் தேக்கி நிற்பது கண்டம். கூரை விளிம்பிலே வளைந்து இறங்குவது கபோதம்.

கிரேக்கரும் உரோமரும் தம் கோயில்களுக்கு வகுத்த விளிம்பு வடிவங்களும் ஏறக்குறைய இவையே. இன்று ஹட்டன் ஹாட்வெயார் கடையிலே பிளாத்திக்குப் பெட்டியில் வரிசையாகக் கிடக்கும் பிட்டுகள் வெட்டித் தருவனவும் இவ்வடிவங்களே. கால்வட்டப் பிட்டை இருபுறமும் செலுத்தினாற் குமுதம் போன்றது பிறக்கின்றது. 'ஓஜி' எனப்படும் நெளிவுப் பிட் பத்மத்தைத் தருகின்றது. குழிவுப் பிட் நிழல் தேங்கும் வளைவைத் தருகின்றது. 45 பாகைச் சாய்வுப் பிட் பட்டை தீட்டுகின்றது.

மரத்திலே இதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் கண்டிக்கு அண்மையில் உடுநுவரையிலுள்ள எம்பக்கே தேவாலயத்தைக் காண்க. கதிர்காமக் கடவுளுக்காக 14 ஆம் நூற்றாண்டில் எழுந்த அவ்வாலயத்தின் மரத்தூண் மண்டபம் உலகறிந்தது. தூண்களிலே செதுக்கிய உருவங்களை எல்லாரும் வியப்பர். சதுரத் தூணின் மூலைகளைச் சாய்வாகச் சீவி எண்பட்டையாக்கிய ஒழுங்கைச் சிலரே கவனிப்பர். அவ்வொழுங்கு இல்லையேல் உருவங்களும் எடுப்பாகத் தோன்றமாட்டா.

சீவுளியிலிருந்து சுழலும் அலகு வரை

நம் ஓடாவிமார் விளிம்பு வேலைக்கு உளியையும் சீவுளியையும் கையாண்டனர். தமிழகத்தார் இழைப்புளி என்பதே நம் சீவுளி. ஒவ்வொரு வடிவத்துக்கும் அடிப்புறம் அவ்வடிவமாகவே அமைந்த தனித்தனிச் சீவுளி வேண்டும். பெரிய கங்காணி வீட்டு அலுமாரியிலும் துரை பங்களாவின் நிலைகளிலும் காணும் பழைய நெளிவுகள் அவ்வாறு கைவலிமையாற் பிறந்தவை.

மின்சார ரூட்டரின் கதை முதலாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டியது. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்துச் சிராகியூஸ் நகரிலே ஆர். எல். கார்ட்டர் என்பவர், முடிவெட்டும் மின்கருவியின் மோட்டாரைக் கொண்டு கையடக்கமான விளிம்புவெட்டியொன்றை ஆக்கினார் என்பர். அவருடைய தொழிலை ஸ்டான்லி நிறுவனம் 1929 இல் வாங்கிக்கொண்டது. பிட்டின் வாயிலே வைக்கும் தங்குதன் கார்பைட் என்னும் கடும்பொருளை 1926 இல் ஜெர்மனியின் குரூப் நிறுவனம் 'வீடியா' என்னும் பெயருடன் சந்தைக்குக் கொணர்ந்தது. 'வைரம் போன்றது' எனப் பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கமே அப்பெயர்.

கருவி பிறந்தது எங்கோ ஆயினும், அதனைச் சுழற்றும் மின்சாரத்துக்கும் நம் மலைக்கும் உறவு உண்டு. லக்ஷபான நீர்மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. பழைய மஸ்கெலியா நகரம் மவுஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் மறைந்தது. தேக்கத்தின் நீர் வற்றுங் காலத்திலே பழைய கோயிலும் பள்ளிவாசலும் வெளித்தோன்றும். இவ்வளவு கொடுத்த மலையின் லயன்கள் பலவற்றுக்கு மின்விளக்கு வந்ததோ பல்லாண்டு கழித்துத்தான். இன்று அதே மின்சாரத்தால் ஒரு தோட்டத்து இளைஞர் தம் கொட்டகையில் ரூட்டரைச் சுழற்றுவது நியாயமான பலன் என்றே நாம் கருதுகிறோம்.

முதலிற் பார்க்க வேண்டியது தண்டு

பிட்டை வாங்கப் போகிறவர் அதன் வடிவத்தையே முதலிற் பார்ப்பார். அது முறையன்று. முதலிற் பார்க்க வேண்டியது தண்டின் பருமன். ரூட்டரின் வாயிலே தண்டைக் கவ்விப் பிடிக்கும் குழலுக்கு 'கொலெட்' என்று பெயர். சந்தையிலே 6, 8, 12 மில்லிமீற்றர்த் தண்டுகளும், கால் அங்குல, அரை அங்குலத் தண்டுகளும் கலந்து கிடைக்கின்றன. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர், அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். கண்ணுக்கு 6 மில்லிமீற்றரும் கால் அங்குலமும் ஒன்றுபோலத் தோன்றும். கால் அங்குலக் கொலெட்டிலே 6 மில்லிமீற்றர்த் தண்டை வைத்து இறுக்கினால், அது பிடித்துக்கொண்டது போலவே இருக்கும். ஆனால் நிமிடத்துக்கு இருபதினாயிரம் முறைக்கு மேற் சுழலும்போது நழுவும். மெல்ல மெல்ல வெளியே இறங்கி மரத்தை ஆழமாக வெட்டும். அல்லது கழன்று பறக்கும். ஆகவே கருவியின் அளவை ஒரு தாளிலே எழுதிக்கொண்டு கடைக்குப் போதல் நன்று.

இரண்டு அளவுக்கும் கொலெட் மாற்றக்கூடிய பெரிய ரூட்டராயின், பெரிய வடிவங்களுக்கு 12 மில்லிமீற்றர் அல்லது அரை அங்குலத் தண்டே சிறந்தது. தடித்த தண்டு நடுங்காது. நடுங்காத பிட் வெட்டும் முகம் வழவழப்பாக அமையும். ஒரு கையாற் பிடிக்கும் சிறு கருவியாயின் சிறு பிட்டுகளோடு அமைதல் வேண்டும். சிறு கருவியிலே பெரும் பிட்டைப் பூட்டுவது ஆட்டுக்குட்டியை ஏரிற் பூட்டுவதை ஒக்கும்.

தண்டைப் பொருத்தும்போது குழலின் அடியைத் தொடும்வரை தள்ளி, பின் 2 அல்லது 3 மில்லிமீற்றர் வெளியே இழுத்து இறுக்க வேண்டும். அடியிலே முட்டிக்கொண்டு நின்றால் கொலெட் நன்கு கவ்வாது. தண்டின் நீளத்தில் முக்காற் பங்காயினும் உள்ளே இருத்தல் அவசியம்.

எஃகா, கார்பைட்டா?

வெட்டும் வாய் இருவகை. முழுதும் கடுவேக எஃகினால் ஆனது ஒன்று. எஃகு உடலிலே கார்பைட் வாய் ஒட்டியது மற்றொன்று. எஃகு விலை குறைந்தது. மிகக் கூராகத் தீட்டலாம். மென்மரத்திலே நன்றாக வெட்டும். ஆனால் வெப்பத்தாலும் பசையாலும் விரைவில் மழுங்கும். பலகைத்தூளைப் பசையிட்டு அழுத்திய எம்.டி.எப். பலகையும் பிளைவூட்டும் எஃகு வாயைச் சிறிது நேரத்திலேயே கெடுத்துவிடும். தேக்கு மரத்தில் இயற்கையாகவே மணற்சத்து கலந்திருப்பதால் அதுவும் எஃகைத் தேய்க்கும். கார்பைட் இவற்றையெல்லாம் நெடுநாள் தாங்கும். அதன் குறை ஒன்றே: நொறுங்கும் இயல்பு. கீழே விழுந்தாலும் ஆணியிற் பட்டாலும் வாய் உடையும். பழைய வீட்டுப் பலகைகளை மீண்டும் பயன்படுத்துவோர் முதலில் ஒரு காந்தத்தைப் பலகையின் மேல் ஓட்டி மறைந்த ஆணிகளைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கடையிலே பன்னிரண்டும் பதினைந்தும் அடங்கிய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. பெட்டியின் கவர்ச்சி பெரிது, பயன் சிறிது. அவற்றிலே பாதி, ஆண்டு கழிந்தும் தொடப்படாமற் கிடக்கும். எந்நாளும் பயன்படும் பிட்டோ மலிவான வாயுடையதாதலின் முதல் மாதத்திலேயே மழுங்கிவிடும். அதே பணத்துக்கு நான்கு நல்ல பிட்டுகளைத் தனித்தனியே வாங்குவது அறிவுடைமை. வாங்கும்போது வாயை வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள்: கார்பைட் துண்டு தடித்ததாக இருக்கிறதா, ஒட்டிய இடத்திலே இடைவெளியின்றிப் பற்றாசு நிரம்பியிருக்கிறதா, இரு வாய்களும் ஒரே உயரத்தில் உள்ளனவா, நுனியிலுள்ள பேரிங் ஆட்டமின்றிச் சுழல்கிறதா என்று. மெல்லிய துண்டாயின் மீண்டும் தீட்ட இடமிராது.

எந்த வடிவம் எந்த இடத்துக்கு?

கால்வட்டம் எல்லா வீட்டுக்கும் ஏற்றது. கூரிய மூலையிலே வாணிசும் பெயின்றும் நில்லா. மெல்லியதாகப் படிந்து முதலில் அங்கேதான் உரியும். நல்லதண்ணி போன்ற ஈரம் மிகுந்த ஊர்களிலே உரிந்த விளிம்பு வழியாகவே நீர் மரத்துள் இறங்கும். 3 மில்லிமீற்றர் ஆரத்துக்கு உருட்டினாலும் பூச்சு சீராகப் பற்றும். தவழும் குழந்தையின் நெற்றிக்கும் அதுவே காவல். கால்வட்டத்தின் ஆரம் பலகையின் தடிப்புக்கு இயைய வேண்டும். 18 மில்லிமீற்றர்ப் பலகைக்கு 6 மில்லிமீற்றர் ஆரம் மிகப் பொருத்தம்: மேலே 6, நடுவிலே தட்டையாக 6, கீழே 6 என மூன்றாகப் பிரியும். 9 மில்லிமீற்றர் ஆரத்தை இருபுறமும் செலுத்தினால் முழு அரைவட்டம் கிடைக்கும். ஆனால் இரண்டாம் முறை பேரிங் உருள்வதற்குத் தட்டையான இடமே எஞ்சாது. அப்போது வழிகாட்டும் சட்டம் ஒன்றை இணைத்துக்கொண்டே வெட்ட வேண்டும். பேரிங் உருள்வதற்குக் குறைந்தது 3 மில்லிமீற்றர் இடம் விடுவது பொது விதி.

அதே கால்வட்டப் பிட்டில் சிறிய பேரிங் ஒன்றை மாற்றிப் போட்டால், வட்டத்தின் ஓரத்திலே ஒரு சிறு படி விழும். ஒரு பிட் இரண்டு பிட் ஆனது போலாகும். சிக்கனக்காரர் இதனை மறக்கலாகாது.

நெளிவுப் பிட் மேசை, அலுமாரியின் மேற்பலகை, சுவாமி படத்தட்டு ஆகியவற்றுக்கு அழகு. ஆயினும் மெல்லிய பலகையில் நெளிவு வெட்டினாற் கீழுதடு கூராகி உடையும். 18 மில்லிமீற்றருக்குக் குறைந்த பலகைக்கு மிகச் சிறிய நெளிவே போதும். மலைநாட்டு ஒளியையும் நினைக்க வேண்டும். வெயிற் சுடும் ஊர்களிலே நுண்ணிய வரியுங்கூட நிழல் வீழ்த்தித் தெளிவாகத் தெரியும். முகில் படிந்த எங்கும் பரவிய ஒளியில் ஆழமற்ற வடிவம் தட்டையாகவே தோன்றும். எனவே இங்கே பல நுண்வரிகளைக் காட்டிலும் ஒரு தெளிவான படியும் ஒரு நல்ல வளைவும் சிறக்கும்.

சாய்வுப் பிட் எளியது, மலிவானது, எவர்க்கும் பிழைக்காதது. கதவு நிலைக்கும் கட்டிற் சட்டத்துக்கும் அது போதும்.

உருண்டை மூக்குப் பிட்டை அலங்காரத்துக்கென்றே பலர் எண்ணுகின்றனர். மழைநாட்டிலே அதற்கு வேறொரு பெரும்பயன் உண்டு. யன்னலின் வெளிப்புறப் பலகையின் அடியிலே, விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே ஒரு நீண்ட பள்ளக்கோடு இழுத்துவிட்டால், அடிப்புறமாக ஊர்ந்து வரும் மழைநீர் அக்கோட்டைத் தாண்ட மாட்டாமற் சொட்டிவிடும். சுவரும் நிலையும் நனையா. தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்காக நனையும் வீட்டுக்கு இந்தக் கோடு எந்த நெளிவையும் விட மேலானது.

மலைநாட்டு மரங்கள்

பிட்டைத் தேர்ந்தெடுத்தல் பாதி. மரத்தை அறிதல் மறுபாதி. தேயிலைக்கு நிழலுக்காக அவுஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து நட்ட கிரெவிலியா மரத்தை நம்மவர் சவுக்கு என்பர். அதன் பலகையிலே அழகிய புள்ளித் தோற்றம் உண்டு. ஆதலின் எளிய கால்வட்டமே அதற்குப் போதும். அதன் தூள் சிலருக்குத் தோலரிப்பை உண்டாக்கும். யூக்கலிப்டஸ் வகைகளிற் பல கடினமானவை. நார் ஒன்றோடொன்று பின்னி ஓடும். அவற்றுக்குக் கார்பைட் வாயே தக்கது. சிறிது சிறிதாகவே வெட்ட வேண்டும். அல்பீசியா மிக மென்மையானது. கூரற்ற பிட் பட்டால் விளிம்பு பஞ்சு போல மயிர் விடும். மகோகனி எந்த நெளிவையும் ஏற்கும் பொன்னான மரம். பலா முதலில் மஞ்சளாய் இருந்து காலப்போக்கிற் செம்பழுப்பாகும். நம் நாட்டிலே அதனை வெட்டுவதற்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

எம்மரமாயினும் நன்கு காயாத பலகையில் விளிம்பு வெட்டுதல் வீண். இன்று வழவழப்பாகத் தோன்றும் நெளிவு, மரம் காய்ந்து முறுகியதும் கோணலாகும். இணைப்புகளிலே வரி வரியுடன் சேராது நிற்கும்.

வேகமும் திசையும்

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 24,000 முறை சுழன்றால், அதன் வாய் செக்கனுக்கு ஏறக்குறைய 31 மீற்றர் ஓடுகின்றது. அதாவது மணிக்கு 113 கிலோமீற்றர். நம் நாட்டு அதிவேகப் பாதையில் வாகனத்துக்கு விதித்த எல்லையே 100 தான். 50 மில்லிமீற்றர்ப் பிட்டை அதே சுழற்சியில் விட்டால் வேகம் இரு மடங்காகி 226 கிலோமீற்றர் ஆகும். ஆகவே பிட் பெரிதாக ஆகச் சுழற்சியைக் குறைத்தல் வேண்டும். 25 மில்லிமீற்றர் வரை 24,000. அதற்கு மேல் 50 வரை 18,000. அதனினும் பெரியவற்றுக்கு 16,000 முதல் 12,000 வரை என்பது பொதுவான வழக்கு. பிட்டின் மேலேயே உச்ச அளவு பொறிக்கப்பட்டிருந்தால் அதுவே கட்டளை. சுழற்சியை மாற்ற முடியாத கருவியிற் பெரிய பிட்டைப் பூட்டவே கூடாது.

வேகத்தைக் குறைப்பது ஒன்று. கையை மந்தமாக நகர்த்துவது வேறு. 24,000 சுழற்சியில் இரட்டை வாய்ப் பிட் செக்கனுக்கு 800 முறை வெட்டுகின்றது. கருவியைச் செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர் நகர்த்தினால் ஒவ்வொரு வெட்டுக்கும் 0.06 மில்லிமீற்றர் மரம் கிடைக்கும். தூள் சீவலாக வரும். 1 சென்ரிமீற்றராகக் குறைத்தால் ஒவ்வொரு வாய்க்கும் கிடைப்பது 0.0125 மில்லிமீற்றர், பிட் வெட்டுவதை விட்டு உரசத் தொடங்கும், உரசல் வெப்பமாகும், விளிம்பு கருகும். பல இடங்களிற் காணும் கருந்தழும்பு இவ்வாறு வந்ததே. நின்று நின்று போகாமல் ஒரே சீராக நகர்த்துவது அதற்கு மருந்து. ஆழத்தை மட்டும் ஒரே முறையில் எடுக்காமல், முறைக்கு 3 மில்லிமீற்றராகப் பல முறை எடுக்க வேண்டும். கடைசி முறையில் மிகச் சிறிதே எடுத்தால் முகம் கண்ணாடி போலாகும்.

திசையைப் பற்றிக் கவனக்குறைவு கூடாது. மேலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாகச் சுழல்கின்றது. ஆகவே பலகையின் வெளிவிளிம்பைச் சுற்றி இடஞ்சுழியாகவே கருவியை நகர்த்த வேண்டும். நமக்கு எதிரேயுள்ள விளிம்பில் அது இடமிருந்து வலமாகச் செல்லும். சட்டத்தின் உள்விளிம்பிலோ வலஞ்சுழியாகச் செல்ல வேண்டும். எதிர்த்திசையில் நகர்த்தினாற் பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு கருவியைக் கையிலிருந்து பறித்து ஓடும். மேலும், நாருக்குக் குறுக்கான இரு முனைகளையும் முதலில் வெட்டி, நாரோடு ஓடும் நெடுவிளிம்புகளைப் பின்னர் வெட்டினால், முனையிலே பிய்ந்த மூலைகள் பின்வரும் வெட்டிற் போய்விடும். முனையோரத்தில் ஒரு கழிவுக் கட்டையை அணைத்து இறுக்குவதும் நல்ல பாதுகாப்பு.

பிட்டை மாற்றுமுன் மின்செருகியைக் கழற்றுங்கள். தொங்கும் சட்டைக் கையும் கையுறையும் சுழலும் பிட்டுக்கு அருகே வேண்டா. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். மூக்குக்கு முகக்கவசம் வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வகுத்துரைத்துள்ளது. குளிருக்கு அஞ்சிக் கதவையும் யன்னலையும் அடைத்துக்கொண்டு வேலை செய்யும் மலைநாட்டுக் கொட்டகைகளில் இது மிகவும் கருதத் தக்கது. தூளைக் குழந்தைகள் விளையாடும் இடத்திலே கொட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

எவற்றை வாங்குவது?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தொடங்கும் தச்சருக்கு நான்கு பிட்டுகள் போதும். பேரிங்குடன் 6 மில்லிமீற்றர் ஆரமுள்ள கால்வட்டம் ஒன்று. 45 பாகைச் சாய்வு ஒன்று. சிறிய நெளிவு ஒன்று. 6 மில்லிமீற்றர் உருண்டை மூக்கு ஒன்று. நான்கும் கார்பைட் வாயுடையனவாக, கருவியின் கொலெட்டுக்கு ஒத்த தண்டுடையனவாக இருக்க வேண்டும். ஐந்தாவது வாங்க வசதி வரும்போது குழிவுப் பிட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய அலங்கார விளிம்பு கேட்டு வாடிக்கையாளர் வந்தால், அதற்கெனப் பெரிய பிட் வாங்க வேண்டுவதில்லை. வெவ்வேறு சட்டங்களில் கால்வட்டமும் குழிவும் நெளிவுமாகத் தனித்தனியே வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டலாம். கோயில் தளம் அவ்வாறுதானே படைபடையாக எழுந்தது?

ஒவ்வொரு பிட்டாலும் ஒரு கழிவுப் பலகையிலே ஒரு சாண் நீளம் வெட்டி, பெயர் எழுதிச் சுவரிலே மாட்டி வைப்பது நல்ல வழக்கம். வீட்டுக்காரர் வந்து தொட்டுப் பார்த்துத் தெரிவு செய்வார்; பின்னர் "நான் கேட்டது இதுவன்று" என்னும் பேச்சுக்கு இடமிராது. வேலை முடிந்ததும் பிட்டிலே படிந்த பிசினைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, ஒன்றோடொன்று முட்டாதபடி துளையிட்ட கட்டையிலே நிறுத்தி வைக்க வேண்டும். முகிலூரிலே துரு ஓரிரவில் ஏறும்.

முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்க்கு நாட்டின் தொழிற்பயிற்சி அதிகார சபையும், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் வழி காட்டுகின்றன. அங்கே பெறும் சான்றிதழ் பிற ஊர்களிலும் மதிக்கப்படும். பெற்றோரும் தச்சுத் தொழிலைத் தாழ்வாக எண்ணுதல் கூடாது. கணக்கும் பௌதிகமும் கலையும் ஒருங்கே வேண்டும் தொழில் இது என்பதை மேலே கண்டோம்.

பொருளின் நடுப்பகுதியைக் கண் காணும். விளிம்பையோ கை காணும். கதவைத் திறக்கும்போதும், மேசையில் அமரும்போதும், சுவாமி படத்துக்கு விளக்கேற்றும்போதும் நம் கை முதலில் தொடுவது விளிம்பையே. நூறாண்டுக்கு மேலாகப் பிறர் கதவுகளுக்குள் வாழ்ந்த மக்கள், தம் கதவைத் தாமே தொட்டுத் திறக்கும் காலம் அரும்பியிருக்கின்றது. அந்த விளிம்பு கையைக் கிழிக்காமல், மழைக்கு உரியாமல், கண்ணுக்கு இனிதாக அமையட்டும். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நான்கு நல்ல பிட்டுகளும், அவற்றை அறிந்து கையாளும் ஒரு நிதானமான கையும் போதும்.